பர்மாத் தமிழர்களே, ஆங்கிலத் தேர்வில் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

பசுண்டவுங் வாசி
எல்லோரும் மதிப்பெண் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. வெளிநாட்டுப் படிப்புக்காக எழுதும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில், பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதி. அட்டையில் திருவிழா ஒன்றைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று பீலிக்கான் கோயில் தீமிதியைத் தொடங்கினேன். விரதம், மஞ்சள் துணி, கரகம் எல்லாம் சொல்லி, அண்ணன் குழியின் ஓரத்தில் வந்து நிற்கும் இடத்துக்கு வந்தபோது தேர்வாளர் அம்மையார் கையை உயர்த்தி “நன்றி” என்றார். முகத்தில் ஓர் அசைவும் இல்லை. அண்ணன் இன்னும் தீயில் கால் வைக்கவே இல்லை!

கேட்டல், வாசித்தல், எழுதுதல் மூன்றிலும் 7, பேச்சில் மட்டும் 6. சராசரி 6.75 என்பதால் மொத்தம் 7 என்று போட்டார்கள். ஆனால் கல்லூரி ஒவ்வொரு பிரிவிலும் 6.5 கேட்டது. என் ஆங்கிலம் பிடிக்கவில்லையா, சாமியைப் பிடிக்கவில்லையா?

மோல்மேன் அக்கா
சாமியை ஏன் இழுக்கிறாய் தங்கச்சி? குறிப்பெழுத ஒரு நிமிடம், பேச அதிகபட்சம் இரண்டு நிமிடம். அது முடிந்தால் வாக்கியம் எங்கே நின்றாலும் தேர்வாளர் நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்தும் அளவுக்குப் பேசினாய் என்று வைத்துக்கொள். பேச்சு முழுவதும் பதிவாகியிருக்கும். ஆறு வாரத்துக்குள் மறுமதிப்பீடு கேட்கலாம், மதிப்பெண் உயர்ந்தால் கட்டிய பணம் திரும்ப வரும்.

என் வயிற்றெரிச்சல் கேட்புத் தேர்வில். ஒலிப்பதிவு ஒரே தடவைதான் ஓடும். அருங்காட்சியகத்துக்குப் போகும் குழுவைப் பற்றிய உரையாடல். “டிக்கெட்” என்று எழுதினேனா, “டிக்கெட்ஸ்” என்று எழுதினேனா? அறையை விட்டு வெளியே வந்து படியிறங்கும்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது, இன்னும் போகவில்லை. பர்மியப் பள்ளியில் படித்த நமக்குச் சொல்லின் கடைசி மெய்யொலி தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. பேசும்போது விழுங்குகிறோம், கேட்கும்போது காதில் விழுவதில்லை. பன்மையை விட்டால் அந்த விடை தவறு. எழுத்துப்பிழைக்கும் அதே கதிதான்.

பகோ பெரியவர்
நான் இந்தத் தேர்வுகள் எதையும் எழுதியவன் அல்லன். 1965-இல் மிஷன் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு படித்தவன். எங்களுக்கு ஆங்கிலம் ஐந்தாம் வகுப்பில்தான் ஆரம்பம். கப்பல் வேலைக்கான நேர்முகத்தில் ஒரு வெள்ளைக்காரர் ஏதோ கேட்டார். “எஸ் சார்” என்றேன். பேனாவை மூடிவிட்டார். அவர் கேட்டது என்ன என்று இன்றுவரை தெரியாது.

ஆனால் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதலில் உங்கள் நிலை எது என்று அறிந்துகொள்ளுங்கள். ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் கொண்ட ஐரோப்பிய அளவுகோல் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் இலவசச் சோதனையில் கட்டத்தைச் சொடுக்கிவிட்டு “நான் சி1” என்று மார்தட்டாதீர்கள். அது பெரும்பாலும் இலக்கணத்தையும் வாசிப்பையும்தான் பார்க்கும், உங்கள் வாயையோ பேனாவையோ பார்க்காது. தினமும் இரண்டு நிமிடம் பேசிக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். பிறகு நீங்களே கேட்டு அதை எழுதிப் பாருங்கள், எங்கே இழுக்கிறீர்கள், எங்கே ஒலியை முழுங்குகிறீர்கள் என்று தெரியும். ஐஇஎல்டிஎஸின் எழுதுதல் பகுதியில் இரண்டாவது கட்டுரைக்கு முதலாவதைப்போல இரு மடங்கு மதிப்பு. அறுபது நிமிடத்தில் நாற்பதை அதற்கு ஒதுக்குங்கள். மனப்பாடம் செய்த விடையைக் கொண்டுபோகாதீர்கள், அவர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். உச்சரிப்பில் வெள்ளைக்காரனைப்போலக் கொஞ்ச வேண்டாம், தெளிவாக விளங்கினால் போதும். இன்னொன்று, செய்தித்தாளை உரக்க வாசியுங்கள்...

இன்செயின் பையன்
ஐயா, மன்னிக்க வேண்டும், இங்கே யாரும் வழி கேட்கவில்லை. நடந்ததைச் சொல்லத்தான் வந்தோம். உங்கள் பேனா மூடிய கதை இரண்டு வரி, பாடம் இரண்டு பக்கம்.

என் கதை வீட்டிலிருந்தே எழுதும் கணினித் தேர்வு. மடிக்கணினியில் மின்கலம் நிறைந்திருந்தது, இணையத்துக்குத் தனி பேட்டரியும் வைத்திருந்தேன். அறையில் வேறு ஆள் இருக்கக்கூடாது, திரையை விட்டுக் கண் விலகக்கூடாது என்பது விதி. கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனது. நான் நிறுத்தவில்லை. கதவு திறந்தது. மெழுகுவர்த்தியோடு பாட்டி. “இருட்டில் யாரோடு பேசுகிறாய் ராசா?” என்று என் தோளுக்கு மேலாகத் திரைக்குள் எட்டிப் பார்த்தார். பாட்டியின் முகம் முழுத்திரையில்! மதிப்பெண் வரவில்லை, விதிமீறல் என்று மின்னஞ்சல்தான் வந்தது. பாட்டியிடம் இன்னும் சொல்லவில்லை.

பகோ பெரியவர்
மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து நேரம் குறித்திருக்க வேண்டாமா தம்பி? கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டிருக்கலாம்.

மோல்மேன் அக்கா
அட்டவணைப்படி மின்சாரம் வருகிற தெரு எது ஐயா? அங்கே எனக்கொரு வீடு பாருங்கள்.

பசுண்டவுங் வாசி
அக்கா, அந்த ஆறு வாரம் முடிவு வந்த நாளிலிருந்தா?

மோல்மேன் அக்கா
இல்லை, தேர்வு எழுதிய நாளிலிருந்து. நாளைக்கே போய் விண்ணப்பம் கொடு.