வால்வு 40 வாட்ஸும் டிரான்சிஸ்டர் 40 வாட்ஸும் ஒன்றா? காது இருக்கிறவர்கள் வந்து சொல்லுங்கள்

கரூர் ஹெரால்டு:
பழைய ஆம்ப்ளிஃபயர் வாங்க யோசனை கேட்ட ஒரு தம்பிக்கு ஓம்விதி நேற்று இப்படிப் பதில் எழுதியிருக்கிறார்: "வால்வில் 40 வாட்ஸ் என்றாலும் டிரான்சிஸ்டரில் 40 வாட்ஸ் என்றாலும் ஒன்றுதான். வால்வு வாட்ஸ் பெரிது என்பவர்கள் பழைய சாமானை அடுத்தவர் தலையில் கட்டப் பார்க்கிறவர்கள்."

என்னிடம் கண்ணாடிக் குமிழ் வால்வு போட்ட ஆம்ப்ளிஃபயர் செட் நான்கு இருக்கிறது. ஏழு பழைய கார் இருக்கிறது. இன்றுவரை ஒன்றைக்கூட விற்றதில்லை. யார் தலையில் எதைக் கட்டினேன்?

எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்ட அன்று, இரண்டு ஈ.எல்.34 வால்வு போட்ட 40 வாட்ஸ் செட்டில் நான்கு குழாய் ஸ்பீக்கர் கட்டினோம். ஏரிக்கரை தாண்டி அடுத்த ஊரில் களை எடுத்தவர்கள் பாட்டின் வரியைத் திருப்பிச் சொன்னார்கள். அடுத்த வருஷம் 100 வாட்ஸ் டிரான்சிஸ்டர் செட் வந்தது. ஏரிக்கரையோடு நின்றுவிட்டது. வால்வு 40 என்பது டிரான்சிஸ்டர் 100-க்குச் சமம். இதை நான் காதால் கேட்டேன்.

ஓம்விதி:
ஐயா, வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்ஸ். அதில் கண்ணாடி வாட்ஸ், சிலிக்கன் வாட்ஸ் என்று இரண்டு ஜாதி கிடையாது. 40-க்கும் 100-க்கும் வித்தியாசமே சத்த அளவில் 4 டெசிபல்தான். சத்தம் இரண்டு மடங்காகக் காதுக்குப் படவேண்டுமானால் சக்தியைப் பத்து மடங்கு ஏற்ற வேண்டும். அடுத்த வருஷமும் அதே குழாயா, குழாயின் பின்னால் சத்தம் எழுப்புகிற அதே யூனிட்டா? காற்று எந்தப் பக்கம் அடித்தது? இவற்றை எழுதாமல் ஏரிக்கரையை அளவுகோலாக வைத்தால் நான் என்ன பதில் சொல்ல?

கரூர் ஹெரால்டு:
குழாய் அதே குழாய். கட்டிய வேப்பமரமும் அதே மரம். காற்றைக் கேட்கிறார் பாருங்கள்! வால்வு 40, டிரான்சிஸ்டர் 100. அவ்வளவுதான்.

பத்மினி பிரியன்:
வாட்ஸ் கணக்கை நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த "ஏழு கார்" மேல்தான் சந்தேகம். போன வருஷம் நாமக்கல்லில் பழைய கார்க்காரர்கள் கூடினோமே, கரூர் அண்ணன் அதற்குப் பஸ்ஸில்தானே வந்தார்?

கரூர் ஹெரால்டு:
அன்றைக்கு வாட்டர் பம்பு போயிருந்தது என்று நேரிலேயே சொன்னேன். சொல்லியும் இங்கே வந்து எழுதுகிறீர்கள்.

பத்மினி பிரியன்:
ஏழு காருக்கும் ஒரே வாட்டர் பம்பா அண்ணே?

மைக்செட் மகன்:
அண்ணன்மார்களே, எங்கள் அப்பா அருப்புக்கோட்டைப் பக்கம் முப்பத்தைந்து வருஷம் மைக்செட் கட்டியவர். இந்தச் சண்டை எங்கள் வீட்டில் தினமும் நடக்கும். வால்வு செட்டில் சுவிட்சைப் போட்டதும் ஒன்றும் கேட்காது. முப்பது எண்ணுவதற்குள் வால்வுக்குள் இழை மெல்ல ஆரஞ்சு நிறமாகும், மேலே படிந்த தூசு சுடுகிற வாசனை வரும், அப்புறம் குழாயில் 'உம்' என்று ஒரு முனகல். அந்த 'உம்' கேட்காமல் அப்பா ரிக்கார்டில் முள்ளை வைக்கமாட்டார். டிரான்சிஸ்டருக்கு இந்தக் காத்திருப்பே கிடையாது.

ஆனால் 40-ம் 100-ம் சமம் என்று அப்பாகூடச் சொன்னதில்லை. "வால்வு தாங்கும்" என்பார், அவ்வளவுதான். சத்தத்தைக் கடைசிவரை திருகினாலும் வால்வு செட் கத்தாது, கொஞ்சம் குழையும். டிரான்சிஸ்டர் செட் அதே இடத்தில் தகரத்தைக் கிழிக்கிற மாதிரிக் கத்தும்.

ஓம்விதி:
மைக்செட் மகன் சரியான இடத்தைத் தொட்டார். செட் தாங்கும் அளவைத் தாண்டி ஒலி அலையின் தலை வெட்டுப்படும்போது வால்வில் மழுங்கலாக வெட்டுப்படும், டிரான்சிஸ்டரில் கத்தி வைத்தமாதிரி வெட்டுப்படும். அதனால் வால்வு செட்டை அதன் அளவைத் தாண்டியும் திருகலாம், காது பொறுத்துக்கொள்ளும். சத்தம் கூடியமாதிரித் தெரிய அதுதான் காரணம். வாட்ஸ் பெரிதானதால் இல்லை.

கரூர் ஹெரால்டு:
சத்தம் கூடுகிறது என்று இப்போது நீங்களே சொல்லிவிட்டீர்கள். இதைத்தானே முதல் வரியிலிருந்து சொல்கிறேன்? கூடவே வால்வில் வருகிற இரட்டைப்படை ஹார்மோனிக், அதாவது மூல ஒலியின் இரண்டு, நான்கு மடங்கு அதிர்வெண்ணில் கூடச் சேருகிற ஒலி, காதுக்கு இதம். டிரான்சிஸ்டரில் அது அவ்வளவாக வராது.

ஓம்விதி:
உங்களுடையது இரண்டு ஈ.எல்.34 எதிரெதிராக வேலை செய்கிற புஷ்புல் செட். அந்த அமைப்பில் அவுட்புட் வால்வுகளில் பிறக்கிற இரட்டைப்படை ஹார்மோனிக் டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றையொன்று அடித்துப் பெரும்பாலும் காணாமல் போகும். நீங்கள் சொல்கிற இதம் ஒற்றை வால்வு செட்டில் வரும். உங்களிடம் இருக்கிற செட் எது என்பதையாவது முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

கரூர் ஹெரால்டு:
என் செட் எது என்று எனக்குத் தெரியாதா? ஒரு செட்டை அடிமுதல் நுனிவரை பிரித்து, ஒவ்வொரு சாக்கெட்டையும் பெட்ரோலில் கழுவி மாட்டியவன் நான். முன்னால் இருக்கிற சிறிய வால்வு ஈ.சி.சி.83, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பு. அதன் தலையில் வெள்ளிப் பூச்சு இன்றும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. காற்றுப் புகுந்த வால்வில் அந்தப் பூச்சு பால் மாதிரி வெளுத்துவிடும். அதை ஒரு தடவையாவது கையில் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? அல்லது எல்லாம் படித்ததுதானா?

ஓம்விதி:
பதினைந்து வருஷமாகச் சென்னை ரிச்சி தெருக் கடைகளில் நான் வாங்காத பாகம் கிடையாது. கையில் பிடித்தால் வாட்ஸ் மாறிவிடாது.

புதியவன்:
வணக்கம். யோசனை கேட்ட தம்பி நான்தான். வாட்ஸ் என்று இங்கே சொல்வது தொடர்ந்து தருகிற சக்தியான ஆர்.எம்.எஸ். கணக்கா, பெட்டி மேல் ஒட்டியிருக்கிற கணக்கா? அது தெரிந்தால் நான் வாங்க வசதியாக இருக்கும்.

பத்மினி பிரியன்:
ஏழு கார் என்னென்ன என்று அண்ணன் இன்னும் சொல்லவில்லை.

கரூர் ஹெரால்டு:
எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1966, நான்கு கதவு ஹெரால்டு 1970, அதே கம்பெனியின் கெஸல் 1974, மார்க் டூ அம்பாசடர் இரண்டு, ஃபியட் 1100 ஒன்று, என் பெரியப்பா வைத்திருந்த ஸ்டாண்டர்டு டென் ஒன்று. ஏழும் ஓடும்.

பத்மினி பிரியன்:
ஓடும் என்றால்? சாவி போட்டால் உறுமுவதா, ரோட்டில் திருச்சி போய்த் திரும்புவதா? ஆர்.சி. எத்தனைக்குப் புதுப்பித்தீர்கள்? 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5000 ஆனது. அப்போதைய கணக்கில் ஏழுக்கு 35,000.

கரூர் ஹெரால்டு:
பணத்தைப் பற்றி உங்களிடம் நான் கேட்டேனா? 50 வயது தாண்டிய வண்டிக்கு வின்டேஜ் பதிவு என்று 2021-லேயே தனி விதி வந்தாயிற்று. "வி.ஏ." என்று நம்பர் பலகை கொடுக்கிறார்கள்.

பத்மினி பிரியன்:
அந்தப் பதிவுக்கு 20,000. அந்தப் பலகை மாட்டினால் தினசரி ஓட்டவும் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், சர்வீஸ் என்று போய்வரத்தான் அனுமதி. அதை விடுங்கள், ஹெரால்டு ஒரு காரா? பின் சக்கரம் ஸ்விங் ஆக்சிலில் தொங்குகிறது. வளைவில் வேகமாகப் போய் ஆக்சிலேட்டரை விட்டால் சக்கரம் உள்ளே மடங்கும். ஃபியட் 1100 வழிவந்த என் பிரீமியர் பத்மினி 1979 மாடல், 1089 சி.சி., கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி இறங்கியிருக்கிறது.

கரூர் ஹெரால்டு:
யாரைப் பார்த்துக் கேட்கிறீர்கள் "ஒரு காரா" என்று? மெட்ராஸில் செய்த வண்டி ஐயா அது. உருவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரர் மிச்சலோட்டி. 25 அடி வட்டத்துக்குள் திரும்பும், எங்கள் தெருமுனையில் ஒரே மடக்கில் திருப்புகிறேன். உங்கள் ஃபியட்டை இரண்டு தடவை ரிவர்ஸ் எடுக்க வேண்டும். என்னிடமும் ஃபியட் இருப்பதால்தான் சொல்கிறேன். ஸ்டியரிங் பக்கத்துக் கியர் கம்பியில் புஷ் தேய்ந்தால் இரண்டாவது கியரைத் தேடிக் கை சலித்துவிடும். ஹெரால்டில் முன் முகம் மொத்தமும் பானெட்டோடு சேர்ந்து முன்னால் சாயும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றலாம். கடவுள் மெக்கானிக்காக இருந்தால் அப்படித்தான் கார் செய்வார்.

பத்மினி பிரியன்:
டயர் மேல் உட்காரும் வேலை அடிக்கடி வருவதால் வசதி பண்ணிக் கொடுத்திருக்கிறார்கள்.

ரிச்சி தெரு:
கரூர் அண்ணன் ஹெரால்டில் டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டியிருப்பதாகக் கேள்வி. அப்புறம் என்ன ஒரிஜினல்?

கரூர் ஹெரால்டு:
ஒரே ஒரு வண்டியில். அதுவும் நான்கு கதவில். ராத்திரியில் விளக்கும் வைப்பரும் சேர்ந்தால் டைனமோ தாங்குவதில்லை. கழற்றிய டைனமோவைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதைச் சொல்ல உங்களுக்குத் தகுதி இல்லை. பழைய வால்வு செட்டில் எல்லாக் கெப்பாசிட்டரையும் பிடுங்கிப் புதுசு போட்டுவிட்டு "ஒரிஜினல்" என்று விலை சொல்கிறவர் யார்?

ரிச்சி தெரு:
வயதான எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரை மாற்றாமல் கரண்டு கொடுத்தால் பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கே ஆபத்து. விவரம் தெரியாதவர்தான் இப்படிப் பேசுவார்.

மைக்செட் மகன்:
சண்டைக்கு நடுவில் ஒரு விஷயம். நேற்று ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் 40 வாட்ஸ் வால்வு செட்டையும், மேலே 100 வாட்ஸ் என்று ஒட்டிய ஒரு டிரான்சிஸ்டர் செட்டையும் அளந்தேன். கம்பெனி பேர் வேண்டாம். ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம் டம்மி லோடு, 1000 ஹெர்ட்ஸ், அலையைப் படமாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் அதன் தலை மழுங்கத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் நிறுத்தினேன். வால்வில் 17.9 வோல்ட் வந்தது, அதாவது 40 வாட்ஸ். டிரான்சிஸ்டரில் 15.5 வோல்ட், 30 வாட்ஸ்தான்.

வீட்டில் யாராவது செய்து பார்ப்பதானால் கவனம். வால்வு செட்டில் 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் நிற்கும். லோடு இல்லாமல் வால்வு செட்டை ஓட்டவே கூடாது.

கரூர் ஹெரால்டு:
முடிந்தது! வால்வு 40, நூறு என்று சொன்னது 30. ஏரிக்கரை ஏன் தாண்டவில்லை என்று புரிந்ததா? வால்வு 40 என்றால் டிரான்சிஸ்டர் 100-க்கு மேலேயே போகும். நான் குறைத்துச் சொல்லியிருக்கிறேன்.

ஓம்விதி:
இதற்குப் பெயர் முடிந்ததா? 100 என்று ஒட்டியவன் பொய் சொல்லியிருக்கிறான். அதில் வால்வின் பெருமை எங்கே வந்தது? நிஜமாகவே 40 வாட்ஸ் தருகிற டிரான்சிஸ்டர் செட்டைப் பக்கத்தில் வையுங்கள், ஒன்றாகத்தான் இருக்கும். நான் சொன்னதைத்தான் மைக்செட் மகன் அளந்து காட்டியிருக்கிறார்.

கரூர் ஹெரால்டு:
நான் சொன்னதைத்தான் அவர் அளந்து காட்டினார். ஊரில் வாடகைக்குக் கிடைப்பது பெட்டி மேல் 100 என்று ஒட்டிய செட். நான் அதைத்தான் சொன்னேன். நிஜமான 40 உங்கள் புத்தகத்தில் இருக்கும், எங்கள் வேப்பமரத்தில் கட்டக் கிடைக்காது.

மைக்செட் மகன்:
அண்ணே, நான் இருவருக்காகவும் அளக்கவில்லை. அப்பாவின் டிரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கத்தான்…

புதியவன்:
அப்படியானால் பெட்டி மேல் ஒட்டியிருப்பதை நம்பக் கூடாது, அப்படித்தானே? நான் வீட்டு ஹாலில் கேட்கத்தான் செட் தேடுகிறேன். குழாயெல்லாம் இல்லை.

ரிச்சி தெரு:
குழாய் கட்டுகிறவர்கள் 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளையும் படிக்கட்டும். இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. அடுத்த ஊரில் களை எடுக்கிறவர்களுக்குப் பாட்டுப் போடுவது பெருமை இல்லை.

கரூர் ஹெரால்டு:
பகலில்தான் போட்டோம். ராத்திரியில் யாராவது களை எடுப்பார்களா? பேச்சைத் திருப்பாதீர்கள், ஓம்விதி இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. "தலையில் கட்டப் பார்க்கிறவர்கள்" என்று எழுதியதற்கு.

ஓம்விதி:
உங்கள் பேரைச் சொல்லி எழுதவில்லை. உங்களுக்கு ஏன் உறைக்கிறது?

கரூர் ஹெரால்டு:
பேரைச் சொல்லாமல் அடிப்பது பழைய வழக்கம்தான். இரண்டு வருஷம் முன்னால் என் செட்டின் படத்தைப் போட்டபோது "வயரிங் காக்கைக் கூடு" என்று எழுதியவர் இதே ஓம்விதி. அந்த வயரைக் கட்டியது என் குரு, இன்று அவர் உயிரோடு இல்லை. வெள்ளை நூலில் மெழுகு தடவி ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு முடிச்சுப் போட்டிருப்பார். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமலே எழுதினீர்கள். நான் மறக்கவில்லை.

ஓம்விதி:
அந்தப் படத்தில் சிக்னல் வயர் மெயின் கரண்டு வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தது. முடிச்சு எத்தனை அழகாக இருந்தாலும் 'உம்' வரத்தான் செய்யும். இன்றும் அதையேதான் சொல்வேன்.

பத்மினி பிரியன்:
அடுத்த மாதம் திண்டுக்கல்லில் கூடுகிறோம். அண்ணன் செட்டைக் கொண்டுவரட்டும், ஓம்விதி நிஜமான 40 வாட்ஸ் கொண்டுவரட்டும். அண்ணன் எதில் வருவார் என்பதுதான் எனக்குக் கேள்வி.

கரூர் ஹெரால்டு:
இரண்டு கதவு ஹெரால்டில் வருவேன். வாட்டர் பம்பு மாட்டி மூன்று மாதம் ஆகிறது. பின் சீட்டில் செட், டிக்கியில் யூனிட், குழாய் மட்டும் மேலே கேரியரில். டைனமோவும் ஒரிஜினல் டைனமோதான், ரிச்சி தெருக்காரர் பானெட்டைச் சாய்த்தே பார்த்துக்கொள்ளலாம்.

ஓம்விதி:
நானும் வருகிறேன், ஆசிலோஸ்கோப்போடு. குழாய் எத்தனை என்றாலும் 40 வாட்ஸ் 40 வாட்ஸ்தான்.

கரூர் ஹெரால்டு:
வால்வு 40, டிரான்சிஸ்டர் 100. ஸ்கோப்பை மறக்காமல் கொண்டுவாருங்கள், காதையும் சேர்த்து.