தேக்கடி ஏரி மீனும் எல்லைப்புறத் தண்ணியும்: நேரில் பார்த்ததை எழுதுங்கள்

கம்பத்துக்காரன்

ஏரியைப் பத்தி நான் சொல்லத் தேவையில்ல. 1895-ல முல்லைப் பெரியாறு அணை கட்டினதுல தேங்கின தண்ணி. சுரங்கம் வழியா லோயர்கேம்ப் இறங்கி நம்ம வயலுக்கு வர்றதும் அதுதான். விஷயத்துக்கு வர்றேன்.

குமுளியில ஏலக்கா கடை வேலை முடிஞ்சு மன்னாக்குடிக்குப் போயிருந்தேன், ஒரு பெரியவரைப் பாக்க. ஏரியில வலை போட்டுட்டு அப்பதான் வந்திருந்தார். சாக்கைத் திண்ணையில கவுத்தார். பூராவும் சிலேபி, சாதாக் கெண்டை. காமன் கார்ப்னு சொல்வோமே அதுதான், ஒவ்வொண்ணும் கை நீளம். அதை ஒதுக்கிக்கிட்டே வந்தவர் திடீர்னு நிறுத்திட்டார். அடியில ஒரு மீன், சாண் அளவு இருக்கும். உடம்புல பெரும்பாலும் செதில் கிடையாது, வழுவழுன்னு இருக்கு. வயித்தடியில பின்துடுப்புக்கிட்ட மட்டும் பெரிய செதிலா ஒரு வரிசை. அதைக் கழுவி ஒரு தட்டுல தனியா வச்சார். "இது விக்கிறதுக்கில்ல தம்பி. பிராமணக் கெண்டை. பேரன் பள்ளிக்கூடம் விட்டு வருவான், காட்டணும். அவன் பாத்ததில்ல"ன்னார்.

பெரியாறும் அதுல வந்து சேர்ற ஓடைகளும் தவிர உலகத்துல வேற எங்கயும் இல்லாத மீன் அது. 1941-லதான் அறிவியல்ல அதுக்குப் பேரே வச்சாங்க. அடித்தரையில மேயற மீன். காமன் கார்ப்பும் அதே அடித்தரையைத்தான் கிளறித் தின்னுது, சேத்தைக் கலக்கி விடுது, முட்டையைச் செடியில ஒட்டி வச்சு நின்ன தண்ணியிலயே பெருகுது. அந்த ஏரியிலயே பொறந்த மீனை ஏரிக்கரைப் பையன் தட்டுல வச்சுக் காட்டினாத்தான் பாக்க முடியும்ங்கிறது எனக்கு ஆறவே மாட்டேங்குது. இந்த மாதிரி யாராவது பாத்திருந்தா எழுதுங்க.

கொழிஞ்சாம்பாறை

எங்க ஊர்ல மழை விட்ட ராத்திரி. தென்னந்தோப்புக்கு நடுவுல ஒரு குட்டை. அதுல ஒருத்தர் ஆப்பிரிக்கன் கெளுத்தி வளர்த்தார், தீனி கோழிக்கடைக் கழிவு. நாத்தம் ரோடு வரைக்கும் அடிக்கும். அந்த ராத்திரி குட்டை வழிஞ்சிருக்கு. பைக்ல வந்துட்டிருந்தேன், வெளிச்சத்துல ரோடு அசையுது. பாம்புன்னு நெனச்சுக் காலைத் தூக்கிட்டேன். கிட்டப் போனா மீன். மீசையை ஆட்டிக்கிட்டு, முன்துடுப்பு முள்ளை ஊன்றி ஊன்றி வாய்க்காலைப் பாத்து நகருது. காத்தை உள்ள இழுக்கும் அது, தண்ணி இல்லாமலும் கொஞ்ச நேரம் தாங்கும். நான் ஒண்ணை ஒதைச்சுத் தள்ளினேன், திரும்பி மறுபடி அதே திசையில போச்சு.

அந்த வாய்க்கால் சித்தூர்ப்புழைக்குப் போற வாய்க்கால். ஆழியாறு தண்ணி வர்ற புழை. மத்திய அரசு 2000-லயே தடை போட்ட மீன் இது, இருக்கிறதை அழிக்கச் சொன்ன மீன். பக்கத்து ஊர்ச் சந்தையில இன்னைக்கும் தொட்டியில உயிரோட விக்கிறாங்க. நாட்டுக் கெளுத்தியை, இங்க முஷின்னு சொல்லுவோம், நான் சின்ன வயசுல வயல் சேத்துல கையால புடிச்சவன். இப்பக் கேட்டா வியாபாரியே இந்தப் பெரிய தலைக்காரனைக் காட்டி "இதான் முஷி"ங்கிறான்.

குஞ்சுப்பண்ணை_ஆனைமலை

ரெண்டு பேருக்கும் வணக்கம். எல்லாத்துக்கும் மீன்குஞ்சுப் பண்ணைதான் காரணம்கிற பேச்சு அடுத்து வரும்னு தெரியும், அதனால முன்னாடியே சொல்லிடுறேன்.

கட்லா, ரோகு, மிர்கால் மூணும் ஓடுற வெள்ளம் இல்லாமக் குளத்துல முட்டை போடாது. 1957 ஜூலை 10, ஒடிசாவுல ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரி ஊசி, அதாவது மீனோட மூளையடிச் சுரப்பிச் சாறு, போட்டு முட்டை விட வச்சார். அந்த நாளைத்தான் மீன் விவசாயிகள் தினமா வச்சிருக்காங்க. அதுக்கு முன்னாடி வரைக்கும் ஆத்துல வெள்ளம் வரும்போது குஞ்சை அள்ளிட்டு வர்றதுதான் வழி. இப்ப வட்டத் தொட்டியில தண்ணியைச் சுத்த விட்டு முட்டையைப் பொரிக்க வைக்கிறோம். இந்த மூணும் ஏரியில பெரும்பாலும் தானாப் பெருகி ஆக்கிரமிக்காது, வருஷா வருஷம் விடணும். தானாப் பெருகுறது சிலேபி, காமன் கார்ப், ஆப்பிரிக்கன் கெளுத்தி. எல்லாத்தையும் ஒரே வலையில போட்டு இழுக்காதீங்க.

நான் பாத்தது ஒண்ணு சொல்றேன். எல்லை தாண்டி ஒரு அணையில குஞ்சு விடுற விழா. எங்க பண்ணைக் குஞ்சுப் பை இல்ல, வேற இடத்துல இருந்து வந்த பை. மாலை, போட்டோ எல்லாம் ஆச்சு. நான் சும்மா ஒரு பையில கொஞ்சம் வெள்ளை பேசின்ல ஊத்திப் பாத்தேன். ரோகு விரலிக்கு (விரல் நீளக் குஞ்சு) நடுவுல முதுகுத்துடுப்பு விறைச்சுக்கிட்டு, உடம்புல பட்டை பட்டையா, சிலேபிக் குஞ்சு. ஓரமா நின்ன ஊழியர்கிட்ட காட்டினேன். "விருந்தாளிங்க வெயில்ல நிக்கிறாங்க சார், விடுங்க"ன்னார். பை அவிழ்ந்துடுச்சு.

குளத்துல விடுறவங்களுக்குச் சில விஷயம். பையை வாங்கினதும் வெள்ளைப் பாத்திரத்துல ஊத்திப் பாருங்க, கலப்பு தெரிஞ்சுடும். முந்தின நாள் தீனி போடாம வெறும் வயித்துல பேக் பண்ணின குஞ்சாக் கேளுங்க, இல்லேன்னா அது கழிக்கிறதுலயே தண்ணி கெட்டுடும். விடுறதுக்கு முன்னாடி பையை மூடினபடியே கால் மணி நேரம் தண்ணியில மிதக்க விடுங்க, ரெண்டு சூடும் சமமாகணும். அப்புறம் குளத்துத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாப் பைக்குள்ள விட்டு, குஞ்சு தானா நீந்தி வெளிய வரட்டும். காலையிலயோ பொழுது சாயவோ விடுங்க, உச்சி வெயில் ஆகாது. பெரிய அணைன்னா 10 சென்டிமீட்டருக்குக் கொறைஞ்ச குஞ்சு விடுறது விரால், வாளைக்கு விருந்து வைக்கிறதுதான். பையில இருக்கிற தண்ணியை அணையில கொட்டாதீங்க, கரையில மண்ணுல கொட்டுங்க. செடித்துண்டு ஒட்டியிருந்தா எடுத்துடுங்க, காமன் கார்ப் முட்டை அதுல வரும். குளம் வழியிற மதகுக்குச் சின்னக் கண்ணி வலை கட்டுங்க. ஊசி மருந்து, உப்புக் குளியல் பத்தி வேணும்னா தனியா எழுதுறேன்.

லோயர்கேம்ப்

பண்ணைக்காரரே, யாரும் கேக்காத பாடம் நல்லாத்தான் இருக்கு, நன்றி. ஆனா ஒண்ணை விட்டுட்டீங்க. கட்லா, ரோகு, மிர்கால் மட்டும் நம்ம ஊரா? கங்கைப் பக்கத்து மீன். தானாப் பெருகாதுன்னா, வருஷா வருஷம் பை பையாக் கொட்டுறதும் வருஷா வருஷம் பெருகுற மாதிரிதானே? அது தின்ன தீனி எந்த மீன் தின்ன வேண்டியது? நம்ம ஆத்து நாட்டு மீனான சேல் கெண்டைக் குஞ்சு பண்ணையில கேட்டா என்ன பதில் வருதுன்னு சொல்லுங்க.

என் அனுபவம் சின்னது. சுரங்கத் தண்ணி வந்து விழுற எடத்துக்குக் கீழ தூண்டில் போடுவோம். என் அப்பா காலத்துல எந்தெந்த மீன் வந்துச்சுன்னு பேர் பேராச் சொல்லுவார். எனக்கு விழுறது சிலேபி. மலைக்கு மேல ஏரியில எது நெறையுதோ அது மலைக்குக் கீழயும் வரும், வைகை அணை வரைக்கும் போகும். குமுளிக்காரன் பிரச்சினைன்னு நெனைக்காதீங்க.

வண்டிப்பெரியார்_செல்வி

எல்லாரும் சிலேபியைத் திட்டுறீங்க. எஸ்டேட் லயத்துல சனிக்கிழமை கறி எடுக்க முடியாத வீட்டுக்கு அதுதான் மீன். எங்கம்மா அதை வச்சுத்தான் எங்களை வளர்த்தது. அதையும் எழுதுங்க.

நான் மறக்காதது இது. அம்மா ஒரு சிலேபியை அருவாமணையில வச்சுத் தலையை அறுக்குது, வாயிலிருந்து பொலபொலன்னு என்னமோ கொட்டுச்சு. நான் கடுகுன்னு நெனச்சேன். கண்ணு வச்ச குஞ்சுக. சட்டியில இருந்த தண்ணியில விழுந்ததும் நீந்துது. தாய் வாய்க்குள்ளயே வச்சுக் காப்பாத்துற மீன் அது. குஞ்சு வெளிய போற வரைக்கும் தீனியும் திங்காது. அம்மா கத்தியைக் கீழ வச்சுட்டுக் கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்துச்சு. இப்படிப் பெருகுற மீனை, விட்ட பிறகு எடுக்க முடியாதுங்கிறது எனக்கு அன்னைக்கே புரிஞ்சுது. அதனால கம்பத்து அண்ணன் சொல்றதுலயும் எனக்கு மறுப்பில்ல. தின்னு தீர்க்கலாம்ங்கிறதுதான் என் கட்சி. வலையில வந்ததைத் திருப்பி விடாம எடுக்கணும்.

தடா_சூளூர்பேட்டை

எங்க பக்கத்துக் குளங்கள்ல டேங்க் கிளீனர், தொட்டிப் பாசியைத் திங்கிற முள்ளு மீன். கண்ணாடித் தொட்டிக்கு வாங்கிட்டு, பெருசானதும் குளத்துல விட்டுடுறாங்க. அதோட முள்ளு வலையில மாட்டினா மீனை எடுக்க முடியாது, வலையைத்தான் அறுக்கணும். விலையும் இல்ல.

ஆரம்பாக்கம்_கழிமுகம்

மீனைப் பத்தியே பேசுறீங்க. பழவேற்காட்டுப் பக்கம் வந்து பாருங்க. எங்களுக்கு வந்தது காக்கா ஆழி. தென் அமெரிக்காவுல இருந்து வந்த மட்டி. நம்ம நாட்டுல முதல்ல 2019-ல கொச்சிக் காயல்ல இருக்கிறதா எழுதினாங்க. இப்ப எண்ணூர்க் கழிமுகத்துல கம்பளம் விரிச்ச மாதிரி கிடக்குது, பழவேற்காடு ஏரியிலயும் ஏறிடுச்சு.

இருளர் பெண்கள் கையால இறால் தடவிப் பிடிக்கிறதைப் பாத்திருக்கீங்களா? பனையோலைப் பறியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, கழுத்தளவு தண்ணியில, ரெண்டு கையையும் சேத்துக்குள்ள விட்டுத் துழாவி, அம்பிட்டதைப் பறியில போடுவாங்க. எங்க தெருவுல பால் வாங்க வர்ற அக்கா ஒருத்தங்க. அன்னைக்குக் காசை நீட்டினப்ப விரலைப் பாத்தேன். பத்து விரல் நுனியும் கீறிக் கீறி, தோல் வெள்ளையா ஊறிப் போயிருக்கு. "சேறே இல்லம்மா, கை வச்ச எடமெல்லாம் ஓடு. இறால் எங்க புதையும்?"னு கேட்டாங்க. அதுதான் நடக்குது. ஒண்ணோட ஒண்ணு நாராப் பின்னிக்கிட்டுத் தரையை மூடிடுது. இறாலுக்கு மேய எடமில்ல, மஞ்சள் மட்டி அடியிலயே மூச்சு முட்டிச் செத்துப் போகுது. பண்ணையும் இல்ல, விழாவும் இல்ல, கப்பல் தண்ணியோட வந்திருக்கும்னு சொல்றாங்க. செல்வி, இதைத் தின்னு தீர்க்க முடியாது. சுரண்டி எடுத்துக் கரையில காய வைக்கணும், அதுக்குக் கூலி யார் கொடுக்கிறது? முகத்துவாரத்துல மணல் மூடாம இருந்தா உப்பும் ஓட்டமும் மாறும், அது எங்க பழைய சண்டை, அதை வேற எடத்துல எழுதுறேன்.

குஞ்சுப்பண்ணை_ஆனைமலை

லோயர்கேம்ப் நண்பருக்கு. நீங்க கேட்டது நியாயம். சேல் கெண்டைக் குஞ்சு கேட்டு யாரும் வர்றதில்ல, அதனால பெரும்பாலான பண்ணையில தாய்மீனே வச்சிருக்க மாட்டாங்க. கட்லா ஒரே வருஷத்துல கிலோவுக்குப் பக்கத்துல போகும், சேல் கெண்டை போகாது. குத்தகை எடுத்தவனுக்கு வருஷக் கணக்குதான் முக்கியம். ஆனா அதே ஊசி, அதே வட்டத் தொட்டிதான், நாட்டு மீனை முட்டை விட வைக்கிறதுக்கும் அது போதும். கரிமீனுக்கு ஊசிகூட வேண்டாம், ஜோடி சேர்ந்து முட்டையை ஒட்டி வச்சுக் காவல் காக்கும். கேரளா 2010-ல அதை மாநில மீனா அறிவிச்சதுக்கு அப்புறம் குஞ்சுக்குக் கேள்வி வந்துச்சு, விலையும் வந்துச்சு. கேக்க ஆள் இருந்தா பண்ணை வளர்க்கும்.

கம்பத்துக்காரன்

செல்வி சொன்ன லயத்து மீன் விஷயம் சரி. ஏரியிலிருந்து சிலேபியையும் கார்ப்பையும் எடுத்துக் குமுளியில விக்கட்டும், அந்தப் பெரியவருக்கும் அதுதான் வருமானம். நான் கேக்கிறது புதுசா ஒண்ணும் உள்ள போகக் கூடாதுன்னு. 2018 வெள்ளத்துல அரபைமாவும் அலிகேட்டர் காரும்னு வெளிநாட்டுப் பெரிய மீனெல்லாம் கேரளத்து ஆத்துல வலையில சிக்குச்சே, அது எவனோ தொட்டியிலயும் குட்டையிலயும் வளர்த்ததுதான். பெரியாத்துக்கு மேல இருக்கிற எஸ்டேட் குளங்கள்ல என்ன வளருதுன்னு யாராவது பாத்தீங்களா? வண்டிப்பெரியார், ஏலப்பாறைப் பக்கத்து ஆளுங்க எழுதுங்க. பண்ணைக்காரரே, தாய்மீன் கிடைச்சா சேல் கெண்டைக்கு எவ்வளவு முன்பணம் கேப்பீங்க? எங்க ஊர்க் கண்மாய்க் குத்தகைக்காரங்ககிட்ட பேசிப் பாக்கிறேன்.

குஞ்சுப்பண்ணை_ஆனைமலை

முன்பணம் வேண்டாம். தென்மேற்கு மழை பிடிக்கிறதுக்குள்ள தாய்மீன் கைக்கு வரணும், ஆணும் பெண்ணும் கலந்து. ஒரே தாயோட குஞ்சை எல்லாக் கண்மாய்க்கும் விட்டா ரத்தம் ஒண்ணாயிடும், அதனால ரெண்டு மூணு எடத்துல இருந்து பிடிச்சுட்டு வாங்க. வைகைத் தண்ணிக்கு வைகை மீன்தான். வேற ஆத்துல பிடிச்சதைக் கொண்டு வந்தா நான் தொட்டியில இறக்க மாட்டேன்.