உதவி: காற்றடித்தால் பசுமைக்குடிலின் கால் பிடுங்கிக்கொண்டு வருகிறது

கழிஞ்சூர்த் தோட்டம்:
வணக்கம். காட்பாடி பக்கம் கழிஞ்சூரில், வீட்டுக்குப் பின்னால் 12-க்கு 20 அடியில் பசுமைக்குடில் போட்டேன். ஜிஐ பைப், மேலே பாலித்தீன் ஷீட், மொத்தம் பத்துக் கால். ஒன்றரை அடி தோண்டி நட்டு, உடைகல் போட்டுக் கடப்பாரையால் இடித்ததோடு சரி. கார்த்திகை மழையில் மேற்குப் பக்கம் இறங்கிவிட்டது, கதவு சாத்த வரவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். மே மாதம் சூறைக்காற்றில் அதே பக்கம் இரண்டு கால் மேலே வந்துவிட்டது. முருங்கை மரம் தடுத்திருக்காவிட்டால் குடில் பக்கத்து வீட்டு மாடியில் கிடந்திருக்கும். தரை முழுக்க கான்கிரீட் போட்டுவிடலாமா?

ஆற்காட்டுக்காரர்:
தாராளமாகப் போடுங்கள். நான் நாலு அங்குலம் போட்டேன், சேறே இல்லை.

குடியாத்தம் மேஸ்திரி:
தரை முழுக்க வேண்டாம் சார். கீரை எங்கே வளரும்? ஊற்றுகிற தண்ணீர் எங்கே இறங்கும்? தொட்டியில் மட்டும் வளர்ப்பவருக்கு அது சரி.

வீடு மண்ணுக்குள் இறங்காமல் இருக்கத்தான் கடைக்கால். குடிலுக்கு எடையே கிடையாது, அது பறக்காமல் இருக்கத்தான் கடைக்கால். ஒவ்வொரு காலிலும் கனத்தைக் கட்டுங்கள். ஒரு அடிக்கு ஒரு அடி, இரண்டடி ஆழம் என்றால் 2 கன அடி கான்கிரீட், கிட்டத்தட்ட 135 கிலோ. குழியின் அடி வாயைவிட அகலமாக இருந்தால் மண்ணும் சேர்ந்து பிடிக்கும். பைப்பின் அடியில் ஓட்டை போட்டு ஒரு துண்டுக் கம்பியைக் குறுக்கே செருகாமல் ஊற்றாதீர்கள். வழவழப்பான பைப் கான்கிரீட்டை விட்டே உருவிக்கொண்டு வரும், பார்த்திருக்கிறேன்.

ஆனால் மழையில் இறங்கியது மண்ணின் வேலை. ஒரு பிடி மண்ணை நனைத்து முறுக்கு மாதிரி உருட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் செம்மண் கலப்பு, பயமில்லை. உடையாமல் வளைந்தால் களிமண். மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும்.

கழிஞ்சூர்த் தோட்டம்:
உருட்டினேன் அண்ணா. மேற்கே முழு வளையமாகவே வளைகிறது, கிழக்கே உதிர்கிறது. அந்தப் பக்கம் மட்டும் இறங்கியது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

குடியாத்தம் மேஸ்திரி:
அப்போது மேற்கே ஐந்து காலுக்கும் மூன்றடி போங்கள். மற்றதற்கு இரண்டடி போதும். சிமெண்ட், மணல், ஜல்லி 1:2:4 கலவை, முக்கால் அங்குல ஜல்லி. ஐந்து மூட்டை சிமெண்ட் வாங்கி வையுங்கள். ஊற்றும் முன் ஷீட்டைக் கழற்றிவிட்டு, டியூப்பில் தண்ணீர் நிரப்பி எல்லாக் காலுக்கும் மட்டம் பிடித்து, மூலைக்கு மூலை அளந்து பாருங்கள்: இரண்டு பக்கமும் 23 அடி 4 அங்குலம் வர வேண்டும். இதில் அசட்டையாக இருந்தால் கதவு மறுபடியும் மக்கர் செய்யும். கான்கிரீட்டைத் தரைக்கு மேல் இரண்டு அங்குலம் ஏற்றிச் சரிவாகப் பூசுங்கள், பைப்பைச் சுற்றித் தண்ணீர் நின்றால் துரு. நம்மூர் வெயிலுக்கு ஈரச்சாக்குப் போட்டு ஏழு நாளாவது நனைக்க வேண்டும்.

கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது?

கழிஞ்சூர்த் தோட்டம்:
மேற்குப் பக்கக் கால்களுக்கு அடியிலேதான்.

குடியாத்தம் மேஸ்திரி:
அதுதானே! 240 சதுர அடி கூரை, 1 சென்டிமீட்டர் மழைக்கே 220 லிட்டர் கொட்டும். முதலில் தகர வாய்க்கால் வைத்து டிரம்முக்குத் திருப்புங்கள். குழி அதற்குப் பிறகு.