உறக்கத்திலிருந்து எழுப்பினால் திரை கறுத்துப்போகிறது: லினக்ஸ் அறிந்தவர்கள் உதவவும்

வணக்கம். என் மேசைக்கணினியில் டெபியன் 12 என்ற லினக்ஸ், அதன் மையக்கருவான கெர்னல் 6.1. போன மாதம் ஒருவர் பயன்படுத்திய கிராபிக்ஸ் கார்டை வாங்கிப் பொருத்தினேன். மணிக்கணக்காக விளையாடினாலும் ஒரு குறையும் இல்லை, அதனால் மின்வழங்கியைச் சந்தேகிக்கவில்லை. சஸ்பெண்டிலிருந்து, அதாவது உறக்க நிலையிலிருந்து, எழுப்பினால் மட்டும் திரை கறுப்பாகவே நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (வேறொரு கணினியிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) வழியே உள்ளே நுழைய முடிகிறது! கணினி உயிரோடுதான் இருக்கிறது, திரைக்குத்தான் உயிரில்லை. கெர்னல் பதிவில் ஜிபியு ரீசெட் தோல்வி (கிராபிக்ஸ் சில்லை மீளத் தொடங்க முடியவில்லை) என்று வருகிறது. திரையில் காட்சியைக் காட்டும் அமைப்பையும் வேலண்டை விட்டுப் பழைய எக்ஸ்11-க்கு மாற்றிப் பார்த்தேன், அதே கதை. பேக்போர்ட்ஸிலிருந்து (டெபியனுக்கான புதிய பதிப்புகளின் களஞ்சியம்) புதிய கெர்னலைப் போடலாமா, கார்டுக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேரின் தொகுப்பை மட்டும் புதுப்பித்தால் போதுமா? முழுப் பதிவையும் கேட்டால் தருகிறேன். “விண்டோஸுக்கே போய்விடு” என்ற யோசனையைத் தம்பி ஏற்கெனவே சொல்லிவிட்டான்.