ஓடும் விதத்தைப் பார்த்து யாராவது ஒரு வார்த்தை சொல்லி, அது இன்னும் மனதில் நிற்கிறதா?

பெசன்ட்நகர் பாலா

எலியட்ஸ் கடற்கரையில், ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெரியவர் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சாலைக்கு முதுகு. நான் அவரைத் தாண்டிப் போய், திரும்பி வரும்போது தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னார்: "தம்பி, வலது கால் மட்டும் தரையில அறையுது."

நின்றுவிட்டேன். காதிலிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டு நாலு எட்டு ஓடிப் பார்த்தேன். இடது கால் 'தப்', வலது கால் 'படார்'. மாதக்கணக்கில் வலது முழங்காலின் வெளிப்பக்கம் வலித்துக்கொண்டிருந்தது. ஐஸ், பெல்ட், புது ஷூ எல்லாம் பார்த்தாயிற்று. இந்தச் சத்தத்தைப் பற்றி ஒருவர்கூடச் சொன்னதில்லை. திரும்பிப் போய் என்ன செய்யலாம் என்று கேட்டேன். "காலை முன்னாடி நீட்டிப் போடாதீங்க. உடம்புக்கு அடியில போடுங்க." அவ்வளவுதான். மறுபடி கடலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அவர் பயிற்சியாளரா, பழைய ஓட்டக்காரரா, எதுவும் தெரியாது. அப்புறம் அங்கே அவரைப் பார்க்கவே இல்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவருக்கு அது எப்படிக் கேட்டது என்று இன்றும் யோசிக்கிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

சிவகாசி செல்வம்

நான் காவலர் தேர்வுக்கு ஓடியவன். 1500 மீட்டர், 7 நிமிடம், தெரிந்ததுதான். 400 மீட்டர் மைதானத்தில் மூன்றே முக்கால் சுற்று. மூன்றாவது சுற்றில் எல்லோருக்கும் தோள் காதுக்கு ஏறிவிடும், பல் கடிக்கும், கை முஷ்டியாகிவிடும். மாஸ்டர் "தோளை இறக்கு, தோளை இறக்கு" என்று கத்துவார். கத்தினால் இறங்குமா?

ஒருநாள் வீட்டிலிருந்து பொரித்த அப்பளம் கொண்டுவந்து, ஆளுக்குக் கைக்கு ஒரு துண்டு கொடுத்தார். "உடையாம கொண்டு வா." முதல் சுற்று எளிதாக இருந்தது. மூன்றாவதில் என் இடது கையிலிருந்தது நொறுங்கி, வியர்வையோடு சேர்ந்து விரலிடுக்கெல்லாம் பசையாக ஒட்டிக்கொண்டது. வலது கைத் துண்டு நமத்துப் போயிருந்தாலும் முழுசாக இருந்தது. அந்தப் பசையைப் பார்த்த பிறகுதான் மாஸ்டர் கத்தியது எனக்குப் புரிந்தது. உள்ளங்கையைத் தளர்த்தினால் முன்கை தளரும், அதோடு தோள் தானாக இறங்கும், மூச்சும் நெஞ்சிலேயே நிற்காமல் வயிறு வரைக்கும் போகும்.

மனதில் நிற்பது அப்பளம் இல்லை. என்னோடு பயிற்சி எடுத்த நண்பன் அன்று ஊரில் இல்லை. தேர்வன்று நான் முடித்துவிட்டு எல்லைக் கோட்டில் நின்று அவனைப் பார்த்தேன். கடைசி வளைவில் தலை பின்னால் சாய்ந்து, தாடை வானத்தைப் பார்க்க, இரண்டு கையும் கல்லாக இறுகி வந்தான். கையை விடுடா என்று கத்தினேன். கேட்கவில்லை. 7 நிமிடம் தாண்டிவிட்டது. என்னைவிட வேகமானவன் அவன்.

நிதானம்

@பாலா, மன்னிக்கவும், இதில் எனக்கு உடன்பாடு இல்லை. சத்தத்தையோ தோற்றத்தையோ வைத்து ஒருவரின் ஓட்டத்தை எடை போட முடியாது. எமில் ஸாடோபெக் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000, 10,000, மராத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கினார். தலை ஒரு பக்கம் சாய்ந்து, முகம் கோணி, வேதனையில் துடிப்பதுபோல் ஓடுவார். பவுலா ராட்கிளிஃப் 2003 லண்டன் மராத்தானில் 2:15:25-ல் வந்தபோதும் தலையை ஆட்டிக்கொண்டேதான் வந்தார். இவர்களை எந்தக் கடற்கரைப் பெரியவரும் திருத்தியிருப்பார்.

என் அனுபவம் சின்னது. எங்கள் குழுவில் ஒருவர் "முன்பாதத்தில் இறங்கு" என்றார். ஒரே வாரத்தில் மாற்றினேன். கெண்டைக்கால் பிடித்து, குதிகால் தசைநார் வீங்கி உட்கார்ந்துவிட்டேன். முழங்காலில் குறைகிற சுமை கெண்டைக்காலுக்கு வந்துவிடும் என்று அவர் சொல்லவே இல்லை.

அதனால் புதிதாக ஓடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். பாதம் எப்படி இறங்குகிறது என்பதை விடுங்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். வேகத்தை மாற்றாமல் அதை 5 சதவீதம் மட்டும் கூட்டுங்கள். 160 என்றால் 168. அடி தானாகச் சிறிதாகும், முழங்காலிலும் இடுப்பிலும் விழும் சுமை குறையும். 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே சுமை குறைவதை 2011-ல் வெளிவந்த ஆய்வு காட்டியிருக்கிறது. எல்லோரும் 180-ஐத் துரத்துகிறார்கள். அது ஜாக் டேனியல்ஸ் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஓடியவர்களின் அடிகளை எண்ணிப் பார்த்ததிலிருந்து வந்தது. அவர்கள் பந்தய வேகத்தில் ஓடிய உலக வீரர்கள். நாம் காலையில் மெதுவாக ஓடும்போது அந்த எண் வராது, வரவும் தேவையில்லை.

முன்னால் சாய்வது கணுக்காலிலிருந்து வர வேண்டும். இடுப்பில் மடிந்தால் முதுகு பிடிக்கும். நாள் முழுக்க நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு இடுப்பின் முன்பக்கத் தசை இறுகியிருக்கும், ஓடும்போது கால் பின்னால் முழுசாகப் போகாது. கண்ணாடி முன் ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். தூக்கிய கால் பக்கம் இடுப்பு கீழே இறங்கினால், நிற்கிற கால் பக்கத்து இடுப்புத் தசைக்குப் பலம் போதவில்லை. பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்கும் பயிற்சியை வாரத்தில் சில நாள் செய்யுங்கள். எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்று, அதுவும் ஓட்டத்தின் நடுவே ஒரு நிமிடம், இரண்டு நிமிடமாக.

பெசன்ட்நகர் பாலா

@நிதானம், முன்பாதத்தில் இறங்கச் சொல்லி நான் எங்கேயும் எழுதவில்லை, அவரும் சொல்லவில்லை. அடியைச் சிறிதாக்கினால் கால் எங்கே இறங்கும்? உடம்புக்கு அடியில்தானே? நீங்கள் எண்ணில் சொன்னதை அவர் ஒரு வரியில் சொன்னார். வலி குறைந்துவிட்டது எனக்கு.

ஓஎம்ஆர் வித்யா

வழியில் போகிறவர்கள் சொல்வதைக் கேட்பது ஆண்களுக்குச் சரி. நான் ஓடினால் ஸ்கூட்டரை நிறுத்தி அறிவுரை சொல்ல ஆள் வந்துவிடும். அதனால் நான் கேட்டது ஒரு பிசியோதெரபிஸ்ட் சொன்னதை மட்டும். என் ஷூ இரண்டையும் மேசையில் கவிழ்த்துவைத்துப் பார்த்துவிட்டு, "ரோட்டுல எந்தப் பக்கம் ஓடுறீங்க மேடம்?" என்றார். எப்போதும் வலது ஓரம், வண்டிகள் எதிரே தெரிய வேண்டுமே. மழைத் தண்ணீர் வடிய சாலை ஓரத்துக்குச் சரிந்திருக்கும். தினமும் வலது கால் பள்ளத்தில், இடது கால் மேட்டில். நிமிர்ந்து ஓட நான் எவ்வளவு பாடுபட்டாலும் இடுப்பு கோணலாகத்தானே இருக்கும்? இப்போது சமமான சர்வீஸ் ரோடாகப் பார்த்து ஓடுகிறேன்.

மதுரைக்காரன்

பார்வையற்ற தம்பி ஒருவருக்கு வழிகாட்டியாக ஓடுகிறேன். என் இடது கையும் அவர் வலது கையும் ஒரு சின்னக் கயிற்றின் இரண்டு முனையில். கைகள் சேர்ந்து வீசினால்தான் கால்களும் சேரும். அரை மராத்தான் ஒன்றில் 15-வது கிலோமீட்டர் தாண்டியதும், "அண்ணா, களைச்சுட்டீங்களா?" என்றார். இல்லையே, நன்றாக இருக்கிறேன் என்றேன். "உங்க கை நெஞ்சுக்குக் குறுக்கே போகுது. கயிறு என்னை உங்க பக்கம் இழுக்குது."

குனிந்து பார்த்தேன். என் இடது கை பனியனின் நடுத்தையலைத் தாண்டி வலது பக்கம் போய்க்கொண்டிருந்தது. கை குறுக்கே போனால் தோள் திரும்பும், அதைச் சரிக்கட்ட இடுப்பு எதிர்ப்பக்கம் திரும்பும். என் உடம்பு முறுகுவது எனக்கே உறைக்கவில்லை. கயிறு வழியாக அவருக்கு அது எல்லாம் போயிருக்கிறது. முழங்கையைப் பின்னால் இழுப்பதை மட்டும் நினைத்து ஓடினேன். கயிறு தளர்ந்தது. "இப்ப சரி" என்றார்.

இங்கே வேறு யாராவது வழிகாட்டியாக ஓடுகிறீர்களா? அவர் என்னைவிட அரை அடி உயரம். கயிற்றை நீளமாக விட்டால் அவருக்குத் திசை தெரிவதில்லை, குறைத்தால் என் தோள் மேலே ஏறிவிடுகிறது. நீங்கள் எவ்வளவு நீளம் வைக்கிறீர்கள்?