எட்கர் ஆலன் போ நெசமாவே போதையிலதான் அந்தக் கதைய எல்லாம் எழுதுனாருங்களா?

நைட்ஷிப்ட்_பல்லடம்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்கு இங்கிலீசு சுமாராத்தான் வரும், டிக்சனரிய பக்கத்துல வெச்சுக்கிட்டு படிக்கற ஆளு. மில்லுல ராத்திரி ஷிப்டு, டீ டைம்ல செல்லுல எதாச்சும் ஓட்டிட்டு இருப்பேன், அப்புடி மாட்டுனதுதான் போங்கற அமெரிக்க எழுத்தாளரோட கருப்புப் பூனை கதை. படிச்சதுல இருந்து ஒரே வெசனமா இருக்குதுங்க. பேயி, முனி ஒண்ணும் வரல. ஒருத்தன் தான் ஆசையா வளத்த பூனையோட கண்ணை பேனாக்கத்தில நோண்டறான், பொறவு அத மரத்துல தூக்கு மாட்டறான், பொண்டாட்டிய கோடாலில வெட்டி நெலவறை செவுத்துக்குள்ள நிக்க வெச்சு பூசிப்புடறான், இத்தனையும் வரப்புத் தகராற பஞ்சாயத்துல சொல்றாப்புல நெதானமா சொல்லிட்டுப் போறான். அந்த நெதானந்தான் எனக்கு ஒத்துக்கல.

யூட்யூப்ல தேடுனா ஒருத்தரு, போ பெரிய குடிகாரரு, அபினுக்கு அடிமை, போதையில தோணுனத எழுதி வெச்சாரு, கடைசில தெருவுல கெடந்து செத்தாருங்கறாரு. இன்னொருத்தரு சின்னப் புள்ளைய கட்டிக்கிட்டாருங்கறாரு. என்ற சந்தேகம் என்னன்னா போதையில இருக்கறவன் இப்புடி கோர்வையா எழுத முடியுமுங்களா? ஆளு யாரு, என்ன ஆச்சு, அடுத்து எத படிக்கறது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இட்டேறி:

உங்க சந்தேகம் சரியான சந்தேகமுங்க. அந்த போதைக் கதைய கெளப்பி உட்டது ரூபஸ் கிரிஸ்வோல்டுன்னு ஒருத்தரு, அவரும் பத்திரிகைக்காரருதான், போவுக்கும் அவருக்கும் ஆகாது. போ செத்தது 1849 அக்டோபர் 7, பால்டிமோர்ல. ரெண்டே நாள்ல நியூயார்க் ட்ரிப்யூன்ல 'லுட்விக்'னு பொய்ப் பேர்ல இந்தாளு இரங்கல் எழுதறாரு, செத்த சேதி கேட்டு நெறைய பேரு திடுக்கிடுவாங்க, ஆனா வருத்தப்படறவன் கம்மிங்கற மாதிரி ஆரம்பிக்கற இரங்கலு! அதோட நிக்கலீங்க. போவோட எழுத்தையெல்லாம் தொகுத்து பதிப்பிக்கற வேலையும் இவரு கைக்கே போச்சு, அதுல வாழ்க்கைக் குறிப்புன்னு ஒண்ணச் சேத்து, போ எழுதுன கடுதாசியவே திருத்தி இல்லாதத பொல்லாதத சேத்து அச்சடிச்சுப்புட்டாரு. குவின்ங்கற பேராசிரியர் 1941-ல எழுதுன வரலாற்றுல மூலக் கடுதாசிகளோட ஒப்பிட்டு இந்த மோசடிய எல்லாம் வெளிச்சத்துக்கு கொண்டாந்தாரு, ஆனா அதுக்குள்ள தொண்ணூறு வருசம் ஓடிப் போச்சு, இன்னிக்கு யூட்யூப்காரரு பேசறதும் கிரிஸ்வோல்டு சரக்குதான்.

குடிச்சாரா, குடிச்சாருங்க. அத யாரும் மறைக்கல. ஆனா அவருக்கு ஒடம்பு தாங்காது, ஒண்ணு ரெண்டு கிளாசுலயே ஆளு கவுந்துருவாரு, அப்பறம் மாசக்கணக்குல தொடாமயும் இருப்பாரு. சாகறதுக்கு ஒண்ணரை மாசம் முன்னால ரிச்மண்டுல மதுவிலக்கு சங்கத்துல கூட சேந்தாரு. அபின் அடிமைங்கறதுக்கு ஆதாரம் கெடையாது. தாமஸ் டன் இங்கிலீஷ்னு போவோட ஜென்ம விரோதி ஒருத்தரு, கோர்ட்டு வரைக்கும் போன சண்ட, அவரு டாக்டருக்குப் படிச்சவரு, அவரே அந்தப் பழக்கம் இருந்திருந்தா என்ற கண்ணுக்குத் தப்பிருக்காதுன்னு எழுதி வெச்சிருக்காரு. விரோதி குடுக்கற நற்சான்றுக்கு மேல என்ன வேணுமுங்க?

வாழ்க்கைய சுருக்கமா சொன்னா, 1809-ல பாஸ்டன்ல பொறப்பு, அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் நாடக நடிகருங்க. அப்பன் உட்டுட்டுப் போயிட்டான், ரெண்டு வயசுல ஆத்தாளும் போயிட்டா. ரிச்மண்டுல ஜான் ஆலன்னு பொகையில யாவாரி எடுத்து வளத்தாரு, ஆனா கடைசி வரைக்கும் முறையா தத்து எடுக்கல. அந்த வீம்புதான் பின்னால பையன தின்னுது. வர்ஜீனியா யுனிவர்சிட்டிக்கு அனுப்புனாரு, போதுமான காசு குடுக்கல, பையன் சீட்டாடி கடன ஏத்திக்கிட்டான், ஒரு வருசம் முடியறதுக்குள்ள வெளிய. பொறவு எட்கர் பெரின்னு பேர மாத்தி, பதினெட்ட இருவத்திரெண்டுன்னு சொல்லி பட்டாளத்துல சேந்தான். ஆலன் செத்தப்ப சொத்துல ஒரு சல்லிக்காசு போவுக்கு இல்ல.

சாவு மட்டுந்தான் இன்னும் முடிச்சு அவுறாம கெடக்குது. அக்டோபர் 3 பால்டிமோர்ல எலக்சன் நாளு, ஓட்டுச்சாவடியா இருந்த ஒரு சாராயக்கடையில அரை மயக்கத்துல கெடந்தாரு, போட்டிருந்த துணி அவருதே இல்ல. ஆஸ்பத்திரில நாலு நாளு ஒளறிட்டே கெடந்து போயிட்டாரு. அந்தக் காலத்துல அங்க ஆளக் கடத்தி, சாராயத்த ஊத்தி, சட்டைய மாத்தி மாத்தி பல சாவடிக்கு இழுத்துட்டுப் போயி கள்ள ஓட்டு போட வெக்கற கும்பலு இருந்துச்சு, அவிய கையில சிக்கிட்டாருங்கறது ஒரு கணக்கு. மூளைக்காய்ச்சலு, வெறிநாய்க்கடின்னு இன்னும் பல கணக்கு ஓடுது. எதுக்கும் முழுசா ஆதாரம் இல்ல.

அம்மிச்சி_பேத்தி:

அந்த கல்யாண விசயம் யாரும் தொடல, நான் சொல்றேன். 1836-ல கல்யாணம், அவருக்கு 27, பொண்ணு வர்ஜீனியாவுக்கு 13. பத்திரத்துல பொண்ணுக்கு 21 வயசுன்னு பொய் எழுதுனாங்க. அவ போவோட அப்பாகூடப் பொறந்த மரியா க்ளெம்மோட பொண்ணு, அதாவது சொந்த அத்தை பொண்ணு. இத படிக்கறப்ப எல்லாம் எனக்கு ஒண்ணு தோணும், அங்க இருக்கறவங்க இந்த ரத்த உறவுலதான் முகம் சுளிக்கறாங்க, நம்ம பக்கம் அது முறைப்பொண்ணு, ஒறம்பரைல ஒருத்தரும் கேள்வி கேட்க மாட்டாங்க. எனக்கு உறுத்தறது வயசுதான். அந்தக் காலம் அப்படின்னு சொல்லி என்னால தாண்டிப் போக முடியல. ஆனா அந்த மூணு பேரும் ஒண்ணா ஒரு குடும்பமா ஒட்டிக்கிட்டு இருந்தாங்கங்கறதும் நெசம், அத்தைக்காரி கூடையத் தூக்கிட்டுப் போய் சாப்பாட்டுக்கு வழி பண்ணிட்டு வந்திருக்கா.

இப்ப கதைக்கு வர்றேன். 1842 ஜனவரி, பியானோ வாசிச்சு பாடிட்டு இருக்கறப்ப வர்ஜீனியா வாயில ரத்தம். டிபி. அதே வருசம் மே மாசம் போ எடிட்டரா இருந்த பத்திரிகைல 'சிவப்புச் சாவின் முகமூடி' வருது. ப்ராஸ்பரோன்னு ஒரு ராஜா, நாடு பூரா கொள்ளை நோய், ஒடம்பு பூரா ரத்தம் கசிஞ்சு அரை மணி நேரத்துல சாவு, இவன் மட்டும் ஆயிரம் பேரக் கூட்டிட்டு கோட்டைக்குள்ள போய் தாழ்ப்பாள எல்லாம் உலை வெச்சு காய்ச்சி பத்த வெச்சுட்டு உள்ள டான்ஸு, விருந்து. ஏழு ரூம், ஏழாவது மட்டும் கருப்பு, ஜன்னல் கண்ணாடி ரத்தச் சிவப்பு. அங்க ஒரு பெரிய கடிகாரம் மணி அடிக்கறப்ப எல்லாம் பாட்டு நிக்கும், ஆடறவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவாங்க, அடிச்சு முடிஞ்சதும் சிரிச்சுட்டு திரும்ப ஆடுவாங்க. நோய் உள்ள வந்துச்சா இல்லையான்னு நீங்களே படிங்க.

கோயமுத்தூர்ல பொறந்தவளுக்கு இந்தக் கதைய சும்மா கற்பனைன்னு படிக்க வராதுங்க. எங்க ஊர்ல பிளேக் மாரியம்மனுக்குன்னே கோயில் இருக்கு, ஒண்ணு இல்ல, பல எடத்துல. போன நூற்றாண்டு தொடக்கத்துல பிளேக் வந்தப்ப ஊட்டப் பூட்டிட்டு தோட்டத்துல சாளை போட்டு தங்குனாங்கன்னு எங்க அம்மிச்சி அவங்க ஆத்தா சொன்னத சொல்லுவாங்க. ஓட எடம் இருந்தவங்க ஓடுனாங்க, இல்லாதவங்க அங்கயே கெடந்தாங்க, ப்ராஸ்பரோ கதையும் அந்தக் கணக்குதானே. டிபியும் அப்படித்தான், பெருந்துறை சானடோரியம்னு சொன்னாலே அம்மிச்சி பேச்ச நிறுத்திருவாங்க.

இன்னொரு கணக்கு சொல்றேன் பாருங்க. போவோட அம்மா சாகறப்ப 24 வயசு. அண்ணன் ஹென்றி சாகறப்ப 24. வர்ஜீனியா 1847 ஜனவரி 30 போனப்ப 24. கடைசி குளிர்காலம் நியூயார்க் பக்கத்துல ஃபோர்டாம்னு ஒரு கிராமத்துல சின்ன ஊடு, போர்வை வாங்க காசு இல்ல, வைக்கோல் மெத்தைல படுக்க வெச்சு போவோட பழைய மேல்கோட்ட போத்தி உட்டிருந்தாங்க. கதகதப்புக்கு ஊட்டுப் பூனை கேட்டரினா அவ நெஞ்சு மேல படுத்திருக்கும், கைய போவும் கால அத்தையும் புடிச்சுக்குவாங்க. பாக்கப் போன ஒரு அம்மா இத எழுதி வெச்சிருக்காங்க. பூனைக் கண்ண நோண்டற கதை எழுதுன ஆள் வீட்டுப் பூனை இது.

சூலூர்_சந்தேகி:

எல்லாரும் உருகறீங்க, நான் கொஞ்சம் மாத்திப் பேசறேன், திட்டாதீங்க. எனக்கு போ ஓவர்ரேட்டட். ஒரு வாக்கியம் ஆரம்பிச்சா முடியறதுக்குள்ள டீ ஆறிரும். பொம்பளைங்க எல்லாம் சாகறதுக்குன்னே வர்றாங்க, பெரனீஸ், மொரெல்லா, லிஜியா, மேடலின், ஒருத்திக்கும் வாயி கெடையாது. 1846-ல ஒரு கட்டுரைல அழகான பொண்ணோட சாவுதான் ஒலகத்துலயே கவித்துவமான விசயம்னு வேற எழுதிட்டாரு. அதோட ஆளும் லேசுப்பட்டவரு இல்ல, மத்தவங்க புத்தகத்த விமர்சனம்ங்கற பேர்ல கிழிச்சுத் தொங்க விட்டாரு, லாங்ஃபெல்லோங்கற கவிஞர் மேல எழுத்துத் திருட்டுப் பட்டம் கட்டுனாரு. எதிரி தானா வரலைங்க, இவரே தேடிக்கிட்டது.

இட்டேறி:

சந்தேகி சொல்றதுல பாதி சரிதானுங்க, வாயி நீளம், பொம்பளப் பாத்திரம் எல்லாம் நெழலு. ஆனா பெரனீஸ் பேச்ச எடுத்ததுனால சொல்றேன், மொதல் கேள்விக்கு பதிலே அங்கதான் இருக்குது. 1835-ல வந்த கதை. ஒருத்தனுக்கு கட்டிக்கப் போற பொண்ணோட பல்லு மேல கிறுக்கு, அவ செத்துட்டான்னு பொதைச்சுட்டாங்க, பொறவு பாத்தா இவன் மேசை மேல ஒரு சின்னப் பொட்டி, அது கை நழுவி விழுந்து ஒடையுது, பல்லு புடுங்கற ஆயுதமும் முப்பத்திரெண்டு பல்லும் தரை பூரா செதறுது. பொதைச்ச பொண்ணு அப்ப உசுரோட இருந்தா. கதைய படிச்சவங்க பத்திரிகை முதலாளிகிட்ட புகார் பண்ணிட்டாங்க. அதுக்கு போ எழுதுன பதில் கடுதாசி இன்னிக்கும் இருக்குது, ஆமா கொஞ்சம் எல்லை மீறிருச்சுதான், ஆனா எந்தப் பத்திரிகை பேர் வாங்குச்சுன்னு பாருங்க, இந்த மாதிரி கதை போட்டதுதான், பயங்கறத கொடூரம் வரைக்கும் ஏத்தணும், விசித்திரத்த மர்மம் வரைக்கும் இழுக்கணும்ங்கற மாதிரி கணக்கு சொல்றாரு. போதைல இருக்கறவன் பேச்சுங்களா இது? மார்க்கெட்டு தெரிஞ்ச தொழிலாளி பேச்சு. அப்புடி கணக்குப் போட்டும் காசு வரலங்கறதுதான் கொடும. 'அண்டங்காக்கை' கவிதை 1845-ல நாடே மனப்பாடம் பண்ணுச்சு, அவருக்கு வந்தது ஒம்பது டாலருன்னு சொல்லுவாங்க, காப்பிரைட் இல்லாததால அவனவன் எடுத்து அச்சடிச்சுக்கிட்டான். அவரு உசுரோட இருந்தப்ப ரெண்டாம் பதிப்பு கண்ட ஒரே புத்தகம் எது தெரியுமுங்களா, கிளிஞ்சல் பத்துன ஒரு பள்ளிக்கூடப் பாடப் புத்தகம்!

நைட்ஷிப்ட் தம்பி, நீங்க அடுத்து 'காட்டிக் கொடுத்த இதயம்' படிங்க, 1843, அஞ்சாறு பக்கந்தான். எடுத்ததுமே நான் பைத்தியம் இல்ல, எவ்வளவு நெதானமா சொல்றேன் பாருங்கன்னுதான் ஆரம்பிப்பான். ஒரு கெழவனோட கண்ணு புடிக்கலைன்னு கொல்லத் திட்டம், ஏழு ராத்திரி கதவத் தெறந்து தலைய மட்டும் உள்ள நொழைக்கவே ஒரு மணி நேரம் எடுத்துக்கறான், லாந்தர்ல ஒரு நூல் அளவு வெளிச்சம். எட்டாவது ராத்திரி கெழவனோட நெஞ்சுத் துடிப்பு கேக்குது, எப்புடின்னா பஞ்சுல பொதிஞ்சு வெச்ச சின்னக் கெடிகாரம் மாதிரி மந்தமா வேகமா ஒரு சத்தம். பஞ்சுக்குள்ள வேல செய்யற உங்களுக்கு அந்த வரி எங்க எறங்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. பொணத்த தரைப் பலகைக்கு அடில வெச்சுட்டு போலீசுக்கும் சேர போட்டுட்டு, தன்ற சேர அதே எடத்து மேல போட்டு உக்கார்றான் பாருங்க, உங்க பூனைக்காரன் செவுத்த தடில தட்டிக் காட்டுனான்ல, அதே திமிரு. ரெண்டு பேரையும் யாரும் புடிக்கல, வாயிதான் மாட்டி உட்டுது.

நைட்ஷிப்ட்_பல்லடம்:

ஐயோ பஞ்சுக்குள்ள கெடிகாரமுங்களா... இன்னிக்கு ஷிப்டுக்கு போனாப்புலதான்! ரொம்ப நன்றீங்க அண்ணா, அக்கா. உசுரோட பொதைக்கறது இவரு கதைல அடிக்கடி வருதே, அந்த மாதிரி நெசமா நடந்துச்சுங்களா? அப்பறம் வார்த்த கஷ்டம் இல்லாம இருக்கறதா ஒண்ணு சொல்லுங்க, டிக்சனரி தேஞ்சு போச்சு.

அம்மிச்சி_பேத்தி:

அந்தக் காலத்துல அது பொது பயம். காலரா வந்தா அவசர அவசரமா பொதைச்சுருவாங்க, நாடி பாக்கறத தவிர சாவ உறுதி பண்ண டாக்டருங்ககிட்ட பெருசா வழி இல்ல. சவப்பெட்டில இருந்து மணி கட்டி வெக்கற ஏற்பாடெல்லாம் பேடண்ட் வாங்கிருக்காங்க. போ 1844-ல எழுதுன 'உயிரோடு புதைத்தல்' கதைல ஒருத்தன் இதே பயத்துல கல்லறைய உள்ள இருந்து தெறக்கற மாதிரி செஞ்சு சாப்பாடு தண்ணி எட்டற தூரத்துல வெச்சு கயிறு கட்டி மணி மாட்டி வெப்பான், கடைசில அவன் முழிச்சுக்கற எடம் எங்கங்கறத படிச்சா நீங்க சிரிச்சுருவீங்க, போ நம்மளையும் அவரையும் சேத்து கிண்டல் பண்றாரு அதுல.

வார்த்தை ஈசின்னா 'அமாண்டிலாடோ பீப்பாய்', 1846. அமாண்டிலாடோன்னா ஒரு வகை ஒயினு. பாதிக்கு மேல பேச்சுதான். காப்பிரைட் எல்லாம் எப்பவோ முடிஞ்சதால நெட்ல சும்மாவே கெடைக்கும். 'அஷர் மாளிகை'ய இப்ப தொடாதீங்க, மொதல் வாக்கியத்துலயே ஓடிருவீங்க.

சூலூர்_சந்தேகி:

நான் குறை சொன்னாலும் ஒண்ணு பரிந்துரைப்பேன், 1841-ல வந்த 'ரூ மார்க் கொலைகள்'. துப்பறியும் கதைக்கே அதுதான் மொதப்புள்ளி, பூட்டுன ரூம்ல ரெண்டு கொலை, கொலகாரன் எந்த பாஷை பேசுனான்னு சாட்சிங்க ஆளுக்கொண்ணு சொல்றாங்க. அது ஏன்னா கொல பண்ணது ஒரு

இட்டேறி:

யோவ் சந்தேகி! தம்பி இன்னும் படிக்கல. முடிவச் சொல்லிப்புடாதீங்க.

சூலூர்_சந்தேகி:

சரீங்க சரீங்க, கைய எடுத்துட்டேன். படிச்சுட்டு வந்து நீங்களே திட்டுங்க, அந்த முடிவுக்கு நானும் கூட சேந்து திட்டறேன்.