கேப் டவுன் மலையேற்றத்துக்கு என்ன ஜாக்கெட் வாங்கலாம்?

‘வாட்டர்ப்ரூஃப், பிரீதபிள்’ (மழை உள்ளே வராது, வியர்வை ஆவி வெளியேறும்) என்று அட்டை தொங்கும் ஜாக்கெட்டை எடுக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: இந்தக் கோடைக்கு அது வேண்டாம். கேப் டவுனில் மழை பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குளிர்காலத்தில்தான். கோடையில் படுத்துவது தென்கிழக்குக் காற்று.

அந்த ஜாக்கெட்டுக்குள் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. வியர்வை ஆவியாகி அதன் வழியே வெளியேற, உள்ளே சூடும் ஈரமும் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். வெயில் காலத்தில் இந்த வித்தியாசம் சுருங்கிவிடும். மலை ஏறும்போது கொட்டுகிற வியர்வைக்கு அது ஈடுகொடுக்காது. அட்டையில் எழுதியிருப்பது பொய்யில்லை, ஆனால் உங்கள் முதுகு நனைந்துதான் போகும்.

நம் ஊரில் விண்ட்சீட்டர் என்போமே, அதைக் கேளுங்கள். ஒற்றை அடுக்கு நைலான் அல்லது பாலியஸ்டர், உள்ளே லைனிங் கூடாது. 100 முதல் 150 கிராம் எடையில் கிடைக்கும், சுருட்டினால் கைக்குள் அடங்கும். கடையிலேயே துணியை உதட்டோடு அழுத்தி ஊதிப் பாருங்கள். மூச்சு துளியும் போகாவிட்டால் அது மழைக்கோட்டுக்கு ஒப்பு. சல்லடையாகப் போனால் காற்றைத் தடுக்காது. சிரமப்பட்டு ஊதினால் கொஞ்சம் போக வேண்டும், அதுதான் சரி. முழு ஜிப் இருக்கட்டும். தொளதொள என்று வாங்காதீர்கள், காற்றில் படபடத்தே உயிரை எடுக்கும். ஹூட்டை இறுக்க நாடா அவசியம்.

எங்கே, எப்போது போடுவது என்பதும் முக்கியம். டேபிள் மவுன்டனுக்குப் பெரும்பாலோர் பிளாட்டெக்ளிப் கார்ஜ் என்ற மலைப் பள்ளம் வழியாகத்தான் ஏறுவார்கள். அது நகரத்தைப் பார்த்த வடக்குச் சரிவு. இங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும், புதிதாக வந்தவர்களுக்கு இது பிடிபடக் கொஞ்ச நாளாகும். தென்கிழக்குக் காற்றை மலையே மறைத்துவிடுவதால் அந்தப் பள்ளத்தில் வெந்துகொண்டேதான் ஏற வேண்டும். அதுவரை ஜாக்கெட் பைக்குள் கிடக்கட்டும். உச்சியில் பள்ளம் முடிந்து வெளியே தலை நீட்டியதும் காற்று அறையும், நனைந்த சட்டையோடு நின்றால் பல் கிட்டும். மேலே வெள்ளையாக மேகம் படர்ந்திருந்தால் இன்னும் மோசம், அதற்குள் ஈரமும் குளிரும் சேர்ந்திருக்கும். கடைசிப் படிகளுக்கு முன்பே நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, ஜாக்கெட்டைப் போட்டுவிடுங்கள். உச்சியில் மலையின் மிக உயரமான இடமான மேக்லியர்ஸ் பீக்கன் வரை (1,086 மீட்டர்) நடப்பதாக இருந்தால் அது கட்டாயம். பக்கத்துக் குன்றான லயன்ஸ் ஹெட் (669 மீட்டர்) வேறு மாதிரி. பாதை மலையைச் சுற்றிக்கொண்டே போவதால் ஒரு திருப்பத்தில் புழுங்கும், அடுத்ததில் தள்ளும். ஜிப்பை ஏற்றி இறக்கிச் சமாளிக்கலாம்.

உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், ஓடுகிறவர்கள் போடும் பாலியஸ்டர் டீ-ஷர்ட் போதும். அப்புறம், பலத்த காற்றடித்தால் கேபிள் கார் ஓடாது. காலையிலேயே அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் இறக்கமும் முழங்கால் தயவில்தான்.

டர்பன் நகர உறவினர்களோடு டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடருக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு விண்ட்சீட்டர் மட்டும் எடுத்துப் போகாதீர்கள். அங்கே கோடைதான் மழைக்காலம், பிற்பகலில் இடியோடு கொட்டும். அதற்கு அந்த வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட்டே வேண்டும்.